சமபந்தியும் சமநீதியும்: ஹைலண்டர் பள்ளி தரும் பாடம்

நிறுவனங்கள் தம் கொள்கைகளைப் பிரகடனஞ் செய்வது இன்று ஒரு வழமையாகிவிட்டது. 2020 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரிலே ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத்தவர் பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலின்கீழ் மூச்சடங்கி மாண்டார். அதன்பின் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் வணிக நிறுவனங்களும் தொண்டு நிலையங்களும் இன நீதிக்குத் தம்மை அர்ப்பணித்துக்கொள்வதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கை விடுத்தன. இன நீதி, ஒப்புரவு, அனைவரையும் அரவணைத்தல் என்னும் சொற்கள் அவ்வறிக்கைகளில் மந்திரம்போல் ஒலித்தன. 2025 சனவரியில் அந்நாட்டுக் கூட்டரசு இத்தகைய திட்டங்களைத் தன் அலுவலகங்களில் நிறுத்துமாறு கட்டளை பிறப்பித்தது. முன்னர் உரத்துப் பேசிய நிறுவனங்கள் சில அச்சொற்களைத் தம் ஏடுகளிலிருந்து ஓசையின்றி அகற்றிக்கொண்டன. காற்று மாறியதும் சொல்லும் மாறிற்று.

இந்நிலையில் எழும் வினா ஒன்றுண்டு. ஒரு நிலையம் நீதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? அதன் அறிக்கையைப் படித்து அறிய இயலாது என்பது தெளிவு. அச்சொற்கள் வழக்குக்கு வருமுன்பே அவற்றின் பொருளை வாழ முயன்ற நிலையம் ஒன்றன் வரலாற்றை நோக்குமிடத்து அவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும். டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் 1932இல் தோன்றிய ஹைலண்டர் மக்கட் பள்ளி அத்தகைய நிலையங்களுள் ஒன்றாகும்.

ஹைலண்டரை மைல்ஸ் ஹோட்டன், டொன் வெஸ்ட் என்னும் இளைஞர் இருவர் நிறுவினர். இருவரும் தென்மாநிலங்களைச் சேர்ந்த ஏழை வெள்ளைக் குடும்பங்களிற் பிறந்தவர்கள். ஹோட்டன் நியூயோர்க்கில் இறையியலும் சிகாகோவிற் சமூகவியலும் பயின்றபின் டென்மார்க்குக்குச் சென்று அங்குள்ள மக்கட் பள்ளிகளைக் கண்டு வந்தவர். குருண்ட்விக் என்னும் டேனிய அறிஞரின் சிந்தனையில் முளைத்த அப்பள்ளிகளிற் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. உழவரும் தொழிலாளரும் கூடி வாழ்ந்து, பேசிக் கற்றனர். அத்தகையதொரு பள்ளியைத் தம் மலைநாட்டில் அமைக்க வேண்டும் என்னும் ஆவல் ஹோட்டனை ஆட்கொண்டது. லிலியன் ஜோன்சன் என்னும் கல்வியாளர் மொன்டீகிள் என்ற ஊரிலிருந்த தமது வீட்டையும் காணியையும் அதற்காக உவந்தளித்தார்.

தொடக்க ஆண்டுகளில் அப்பள்ளி சுரங்கத் தொழிலாளர், மரந்தறிப்போர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பள்ளியாகவே இயங்கிற்று. தொழிற்சங்கம் அமைப்பது எவ்வாறு, முதலாளியோடு பேசுவது எவ்வாறு என்பனவே பாடங்கள். ஆயின் அங்கு வந்து தங்கிப் பயின்றோர் முதற் பத்தாண்டில் வெள்ளையரே. வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒரே பள்ளியில் வைத்துக் கற்பித்தலை டென்னசிச் சட்டம் 1901ஆம் ஆண்டு தொட்டுத் தடைசெய்திருந்தது. அயலவரின் பகையும் தொழிற்சங்கங்களுக்குள்ளேயே வேரோடியிருந்த நிறவெறியும் அச்சட்டத்துக்குத் துணைநின்றன. நீதியை நாடிய பள்ளியும் தன் வாசலிலே அநீதியின் ஒழுங்கை ஓரளவு ஏற்றே நடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1944இல் மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் பயிற்சி முகாமொன்றில் இரு நிறத்தவரும் ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். அதன்பின் பள்ளி பின்னோக்கிப் பார்க்கவில்லை.

தென்மாநிலங்களிலே இரு நிறத்தவரையும் எவ்வாறு ஒரே மேசையில் உண்ண வைத்தீர் என்று ஹோட்டனைப் பலர் வினவியதுண்டு. உணவைச் சமைப்போம், மேசையில் வைப்போம், மணியை அடிப்போம் என்பதே அவர் கூறிவந்த விடையின் சாரம். கேட்போருக்கு அது நகைச்சுவையாகத் தோன்றலாம். ஆயின் அதில் ஒரு கல்விக் கொள்கை அடங்கியுள்ளது. சமத்துவம் பற்றி ஒரு வாரம் விரிவுரை ஆற்றிவிட்டு, பின்னர் மாணவரை இரு பந்திகளில் அமர்த்தும் பள்ளி எதைக் கற்பிக்கிறது? பந்தியையே கற்பிக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை அறிந்தோருக்கு இவ்விடயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமைக்கு எதிராகச் சமபந்திப் போசனத்தைக் கைக்கொண்டது. பாடசாலைகளிலே சமஆசனம் வேண்டும் என்ற கோரிக்கையும் அக்காலத்திலேயே எழுந்தது. 1960களின் இறுதியிலும் தேநீர்க் கடைகளிலே சமமாக அமர்வதற்கும், 1968இல் மாவிட்டபுரத்திலே கோயிலின் உள்ளே சென்று வழிபடுவதற்கும் மக்கள் போராட வேண்டியிருந்தது. வாங்கு, குவளை, வாசற்படி என்பன சிறு பொருள்கள். ஆயின் ஒரு சமூகம் யாரை மனிதராக எண்ணுகிறது என்பது அவற்றிலேதான் எழுதப்பட்டிருக்கும். நிறமும் சாதியும் வேறுவேறு நோய்களே எனினும், நோயாளி படுக்கும் பாய் ஒன்றுதான்.

ஹைலண்டரின் மேசை செய்த வேலைக்கு றோசா பாக்ஸ் அம்மையாரின் அனுபவம் சான்று பகரும். அலபாமா மாநிலத்து மொன்கொமெரி நகரில் தையல் வேலை செய்துவந்த அவர், 1955 கோடையில் பள்ளிகளில் நிறப்பிரிவினையை நீக்குவது பற்றிய முகாமொன்றுக்காக அங்கு இரண்டு வாரங்கள் தங்கினார். வாழ்நாள் முழுவதும் வெள்ளையருக்காக உழைத்துப் பழகிய அவர், காலையில் வெள்ளையர் தமக்காகச் சமைக்கும் உணவின் மணத்தோடு துயிலெழுந்ததைப் பின்னாளில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு திசெம்பர் 1ஆந் திகதி பஸ் வண்டியிலே வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டெழ அவர் மறுத்தார். 381 நாள்கள் நீடித்த பஸ் புறக்கணிப்பு அதனின்றும் பிறந்தது. இரண்டு வார முகாம் அத்துணிவை உண்டாக்கிற்று என்று கூறுவது மிகை. அவர் அதற்கு முன்னரே பல்லாண்டுகள் உரிமை இயக்கத்தில் உழைத்தவர். எனினும் வேறு வகையாகவும் வாழலாம் என்பதைக் கண்ணாற் கண்டவருக்கு, பழைய வகையிலே வாழ்வது முன்னிலும் கடினமாகிறது.

பந்தியிலே சமமாக அமர்தல் நீதியின் முதற்படி. ஆனால் விருந்தினரை அழைக்கும் அதிகாரம் வெள்ளையரிடமே இருக்கும்வரை, கறுப்பினத்தவர் அங்கு விருந்தினரே அன்றி வீட்டார் ஆகார். இரண்டாம் படிக்கு ஹைலண்டரை அழைத்துச் சென்றவர் செப்டிமா கிளாக் என்னும் ஆசிரியை.

செப்டிமா கிளாக் 1898இல் தென் கரோலைனா மாநிலத்துச் சாள்ஸ்டன் நகரிற் பிறந்தவர். கறுப்பின ஆசிரியருக்கு அந்நகரத்து அரசாங்கப் பாடசாலைகளில் இடமளிக்கப்படாமையால், 1916இல் தமது பதினெட்டாம் வயதில் ஜோன்ஸ் தீவுக்குச் சென்று கற்பிக்கத் தொடங்கினார். அவரும் மற்றோர் ஆசிரியையும் சேர்ந்து கற்பித்த மாணவர் தொகை 132. அவருடைய மாதச் சம்பளம் 35 டொலர். அண்மையிலிருந்த வெள்ளையர் பாடசாலையிலோ மூன்று பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியைக்கு 85 டொலர் வழங்கப்பட்டது. இவ்வெண்களைத் தவிர வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அவர் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் இணைந்து, ஆசிரியருக்குச் சம சம்பளம் கோரும் போராட்டத்தில் பங்குகொண்டார். 1956இல் தென் கரோலைனா அரசு தன் ஊழியர் எவரும் அச்சங்கத்தில் உறுப்பினராயிருத்தல் ஆகாது எனச் சட்டம் இயற்றியது. உறுப்புரிமையை மறைக்க அவர் உடன்படவில்லை. நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியும் ஓய்வூதியமும் ஒருங்கே பறிபோயின. வேலையிழந்த அவரை ஹைலண்டர் தன் பயிற்சி முகாம்களின் பொறுப்பாளராக நியமித்தது. அடைக்கலம் தேடி வந்தவருக்கு உதவியது என்று இதனை வாசித்தல் தவறு. திசை தேடிய பள்ளிக்கு வழிகாட்டி கிடைத்தார் என்பதே பொருந்தும்.

அக்காலத்திலே தென் கரோலைனாவில் வாக்காளராகப் பதிவுசெய்ய விரும்புவோர் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டவும் எழுதிக் காட்டவும் வேண்டியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுத்த அதே அரசு, படிப்பில்லை என்று அவர்களுக்கு வாக்கையும் மறுத்தது. ஜோன்ஸ் தீவிலிருந்து சாள்ஸ்டனுக்குத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற ஈசோ ஜென்கின்ஸ் என்பவர், பயண நேரத்திலே தம் பஸ்ஸில் அரசியலமைப்பு வாசகங்களைக் கற்பித்துவந்தார். ஆயின் செவிவழி மனனஞ் செய்தல் வேறு, வாசித்தல் வேறு. முறையானதொரு வகுப்பு வேண்டும் என்று அவர் ஹைலண்டரை நாடினார்.

முதியோருக்கான எழுத்தறிவு வகுப்புகள் அத்தீவில் முன்னரும் நடைபெற்றதுண்டு, நிலைக்கவில்லை. வளர்ந்த ஆடவரையும் பெண்டிரையும் சிறுபிள்ளைகளின் குட்டை மேசைகளில் இருத்திச் சிறுபிள்ளைப் பாடமே கற்பித்தமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. மதிப்புக் குறைவை உணர்ந்தவன் மறுநாள் வரமாட்டான். இதனை உணர்ந்த கிளாக்கும் ஹோட்டனும் பயிற்றப்பட்ட ஆசிரியர் எவரையும் தேடவில்லை. சிகை அலங்காரமும் தையலும் தொழிலாகக் கொண்ட பேர்னிஸ் றொபின்சன் என்னும் கறுப்பினப் பெண்மணியை அப்பணிக்கு அழைத்தனர். தாம் ஆசிரியை அல்லர் என்று அவர் தயங்கினார். மக்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர், வெள்ளையரை நம்பிப் பிழைக்காதவர் என்பனவே அவருடைய தகைமைகள்.

1957 சனவரியில் முதலாவது குடியுரிமைப் பள்ளி தொடங்கிற்று. தேவாலயமும் பாடசாலையும் அஞ்சி இடங்கொடாமையால், ஹைலண்டர் அளித்த வட்டியில்லாக் கடனைக் கொண்டு தீவு மக்களின் முன்னேற்றக் கழகம் ஒரு பழைய கட்டிடத்தை வாங்கியிருந்தது. முன்புறத்திலே கூட்டுறவுப் பலசரக்குக் கடை, பின்னறையிலே வகுப்பு. முதல் வகுப்புக்கு வந்தோர் பதினால்வர். றொபின்சன் அவர்களிடம் முதலிற் கேட்டது, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்பதே. தம் பெயரை எழுத வேண்டும், வேதாகமத்தை வாசிக்க வேண்டும், பணவிடைப் படிவத்தை நிரப்ப வேண்டும், பட்டாளத்திலிருக்கும் மகனின் கடிதத்தைப் பிறர் துணையின்றிப் படிக்க வேண்டும் என்று விடைகள் வந்தன. அவையே பாடத்திட்டமாயின. சுவரிலோ ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் தொங்கவிடப்பட்டிருந்தது. வகுப்பு முடியுமுன் அதனை ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்பது றொபின்சனின் குறிக்கோள். பெயரெழுதத் தெரியாதோரின் முன் அத்தகைய பெருநூலை வைப்பது பேதைமை என்று கற்றோர் கருதக்கூடும். ஆயின் தாழ்ந்த மேசையில் இருத்தப்பட்டு அவமதிக்கப்பட்ட மக்களுக்கு உயர்ந்த இலக்கே மருந்தாயிற்று. சில மாதங்களில் அவர்களுட் பலர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். அயற்றீவுகளும் இத்தகைய வகுப்புகளைக் கோரின.

ஹைலண்டரின் வரலாற்றில் உயர்ந்த கட்டம் இதுவே எனலாம். மலையிலிருந்த பள்ளி கடலோரத் தீவுக்கு ஆசிரியரை அனுப்பவில்லை. தீவு மக்களிடமிருந்தே ஆசிரியரைக் கண்டெடுத்தது. இத்திட்டம் தன் கைக்கு மிஞ்சி வளர்ந்தபோது, 1961இல் மாட்டின் லூதர் கிங் தலைமைதாங்கிய தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாட்டிடம் அதனை ஒப்படைத்தும்விட்டது. ஆலமரம் தன் நிழலிலே பிற மரத்தை வளரவிடுவதில்லை என்பர். தொண்டு நிலையங்களிற் பலவும் அவ்வாறே. தான் வளர்த்ததைப் பிறர் கையிற் கொடுத்து ஒதுங்கிநிற்கும் பண்பு அவற்றில் அரிதினும் அரிது.

‘குடியுரிமை’ என்னும் சொல் இலங்கைத் தமிழர் செவியிற் சாதாரணமாக ஒலிப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறுவருடத்துத் தேர்தற் சட்டத் திருத்தத்தோடு அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. தென் கரோலைனாவில் வாசிப்புப் பரீட்சை செய்த வேலையை இங்கே பிறப்புச் சான்றிதழ் செய்தது. ஏழையிடம் இல்லாத தாளைக் கேட்பது, அத்தாள் இல்லாமைக்கு அவனையே குற்றஞ் சொல்வது என்னும் தந்திரம் எந்நாட்டுக்கும் பொது. அத்தந்திரத்தை உடைக்க ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை போதுமாயிருந்தது என்பது தேயிலைத் தோட்டத்து லயன்களை அறிந்தோருக்கு ஆறுதலும் தரும், உறுத்தலும் தரும்.

இவ்வாறு இயங்கிய பள்ளியை ஆதிக்கம் சும்மா விடவில்லை. 1957இல் அதன் வெள்ளி விழாவுக்கு மாட்டின் லூதர் கிங் வந்திருந்தார். ஜோர்ஜியா மாநிலம் அனுப்பிய உளவாளியொருவர் அங்கு எடுத்த புகைப்படம், கிங் கம்யூனிசப் பயிற்சிப் பள்ளியில் இருந்தார் என்னும் வாசகத்தோடு தென்மாநிலத் தெருவோரங்களில் பெரிய விளம்பரப் பலகைகளாக எழுந்தது. 1959 யூலை 31ஆந் திகதி இரவு பொலிஸார் பள்ளியைச் சுற்றிவளைத்தனர். மதுவருந்தும் பழக்கமே இல்லாத செப்டிமா கிளாக் மதுக் குற்றச்சாட்டிற் கைதுசெய்யப்பட்டார். விளக்குகள் அணைக்கப்பட்ட இருளில், அங்கிருந்த இளைஞர் ‘வீ ஷல் ஓவர்கம்’ என்னும் பாடலைப் பாடினர். அச்சமில்லை என்னும் பொருள்படும் புதிய அடியொன்றை ஒரு பதினான்கு வயதுச் சிறுமி அவ்விடத்திலே அதனுடன் சேர்த்தாள். சாள்ஸ்டன் புகையிலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திலிருந்து ஹைலண்டருக்கு வந்து, ஹோட்டனின் துணைவியார் சில்பியாவால் பரப்பப்பட்ட பாடல் அது. பின்னர் அது உலகெங்கும் சென்றது யாவரும் அறிந்ததே.

வழக்குத் தொடரப்பட்டது. அனுமதியின்றி மது விற்றமை, நெடுங்காலம் சம்பளமின்றி உழைத்த ஹோட்டனுக்கு வீடும் காணியும் எழுதிக்கொடுத்தமை, இரு நிறத்தவரையும் ஒருங்கே கற்பித்தமை என்பன குற்றங்கள். 1960இல் கீழ்நீதிமன்றம் பள்ளியின் பதிவுரிமையை நீக்கிற்று. 1961இல் மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஆயின் நிறப்பிரிவினை பற்றிய வினாவைத் தொடாமல் மற்றக் காரணங்களே போதும் என்றது. அநீதி தன் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொள்ள நாணும் காலம் அணுகிவிட்டது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். கட்டிடங்களும் காணியும் நூல்களும் நட்டஈடின்றிப் பறிக்கப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் ஏலமிடப்பட்டன. ஹோட்டனும் தோழரும் வேறு பெயரில் புதிய பதிவு பெற்று, நொக்ஸ்வில் நகரிலே பணியைத் தொடர்ந்தனர். பள்ளி என்பது கட்டிடம் அன்று, ஓர் எண்ணம். எண்ணத்துக்குப் பூட்டுப் போட இயலாது என்பதே அவர்தம் நம்பிக்கை.

எனினும் இவ்வரலாற்றைக் குறையற்ற காவியமாக்குதல் நேர்மையாகாது. இன நீதிக்காகப் போராடியோரிடையேயும் பெண்ணின் சொல்லுக்கு மதிப்புக் குறைவாகவே இருந்தது. குடியுரிமைப் பள்ளித் திட்டத்தோடு கிங்கின் அமைப்பிற் சேர்ந்த கிளாக் அம்மையார் அதன் நிருவாகக் குழுவிலும் இடம்பெற்றார். ஆயின் ஆடவர் தம் கருத்தைச் செவிமடுப்பதில்லை என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். எல்லா ஊர்வலங்களையும் தலைவரே நடத்தாது ஆங்காங்கு உள்ளோரைத் தலைமையேற்க விடவேண்டும் என்று அவர் கிங்குக்கு எழுதிய கடிதம் ஊழியர் முன்னிலையில் வாசிக்கப்பட்டபோது நகைப்பே விடையாயிற்றாம். பலரை எழுத்தறிவித்து வாக்காளராக்கும் இயக்கத்துக்கு அடிகோலியவரின் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை அது. ஓர் அநீதியை எதிர்ப்பவன் மற்றோர் அநீதியைத் தன் வீட்டில் வளர்த்தல் இயல்பாகவே நிகழ்கிறது. ஆதலால் நீதிக்கான உறுதிமொழி ஒருமுறை எடுத்து முடிந்துவிடும் சங்கதி அன்று. நாள்தோறும் அடுப்பு மூட்டுவதுபோல் அதனை மீண்டும் மீண்டும் மூட்ட வேண்டியுள்ளது.

வாக்குரிமைக்கு இடையூறாயிருந்த வாசிப்புப் பரீட்சைகளை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தென்மாநிலங்களில் இடைநிறுத்திற்று. கிளாக்கின் ஓய்வூதியம் 1976இல் மீண்டும் அவருக்குக் கிடைத்தது. நீக்கப்பட்டது அநீதி என மாநிலம் ஒப்புக்கொள்வதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. அவர் 1987இல் காலமானார். ஹோட்டன் 1990இல் மறைந்தார். 1970களின் தொடக்கத்தில் நியூ மார்க்கெட் என்னும் ஊருக்குப் பெயர்ந்த ஹைலண்டர் இன்றும் இயங்குகிறது. 2019 மார்ச் 29ஆந் திகதி அதன் தலைமை அலுவலகம் தீயில் எரிந்து, பழைய ஆவணங்கள் பலவும் சாம்பராயின. அருகிலிருந்த வாகனத் தரிப்பிடத்தில் வெள்ளை ஆதிக்கவாதிகளின் குறியொன்று தீட்டப்பட்டிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பூட்டுப் போட்டோரின் வழித்தோன்றல்கள் அப்பள்ளியை இன்னும் மறக்கவில்லை என்பது புலனாகிறது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவ்வரலாறு மூன்று எதிர்வினாக்களையே விடையாகத் தருகிறது. ஒரு நிலையத்தின் பந்தியில் யார் யாரோடு அமர்கின்றனர்? அதன் பாடத்தை வகுப்போர் யார், கற்போரும் அதில் வாய்திறக்க இயலுமா? தன் சொல்லைக் காப்பதற்காக அது எதனை இழக்க ஆயத்தமாயுள்ளது? இவற்றுள் மூன்றாவதே கடினமானது. இழப்பதற்கு அஞ்சும் நிலையம் காலப்போக்கில் தன் கட்டிடத்தைக் காப்பதையே கொள்கையாக்கிவிடுகிறது. ஹைலண்டர் கட்டிடத்தை இழந்தது, நூலகத்தை இழந்தது, பெயரையும் ஒருமுறை இழந்தது. ஜோன்ஸ் தீவுப் பலசரக்குக் கடையின் பின்னறையிலே முதன்முறையாகத் தம் பெயரைத் தாமே எழுதியவர்களின் கையெழுத்தை மட்டும் எந்த நீதிமன்றத்தாலும் ஏலத்தில் விற்க முடியவில்லை.